தலைகீழ் நஞ்சை

மாட்டுத் தரகர் நாச்சிமுத்து தன் வீட்டு முன்னறைச் சீலிங்கில் தன் கையாலேயே டெக்ஸ்சர் என்கிற டிசைன் பூச்சுப் பூசி, அதில் நெல் முளைத்து, பால் பிடித்து, முற்றி, ஊர் ஜனமெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டு திரிந்த அந்த வருஷத்தில், ஊஞ்சவலசில் மழை வழக்கம்போலப் பொய்த்திருந்தது, கிணறுகள் வழக்கம்போல வற்றியிருந்தன, கவர்மெண்டு வழக்கம்போல ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. ஆகவே தரையில் விளையாதது தலைக்கு மேலே விளைந்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. அது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எல்லாருக்கும் அக்கறை.

நாச்சிமுத்து பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, சாணி அள்ளி, மாட்டுக்கயிறு பிடித்து, நாலு பேரிடம் ஏமாந்து, நாற்பது பேரை ஏமாற்றி முன்னுக்கு வந்த மனுஷன். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. பெண்டாட்டியின் பிரசவத்தன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகையில் பேரம் பேசி, நர்சம்மாவை அழவைத்தவர். சந்தையில் துண்டைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவதில் அவரை அடிக்க ஆளில்லை. வாய் என்னவோ, "காளை லட்சணமாத்தான் இருக்குதுங்க" என்று ஊருக்குக் கேட்கச் சொல்லும். துண்டுக்குள் விரல், "இந்தக் கிழட்டு எலும்பை ஓட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரு" என்று அமுக்கும். விரலுக்கு ஒரு விலை, மடக்கினால் பாதி. உள்ளங்கையை விரித்துக் கொடுத்தால் மட்டும், 'நீ வெச்சதுதான் வெலை' என்று அர்த்தம். நாச்சிமுத்து ஆயுசில் கையை விரித்ததில்லை. விரித்தவனை அடுத்த சந்தையில் மாடுகூட மதிக்காது என்பார்.

அந்தக் கைதான் தம்பி சிவமலையோடு பாகம் பிரித்ததும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய மாடி வீடு அது. பங்காளிகள் உட்கார்ந்திருக்க, கீழ்வீடும் வாசலும் மாட்டுக்கொட்டமும் தனக்கு, மேல்வீடு தம்பிக்கு என்று சொல்லிவிட்டு, யாரோ "வாசல்ல பாதியாவது குடு நாச்சிமுத்து" என்று இழுத்தபோது, பேரச் சூட்டில் நாக்கு முந்திக்கொண்டது: "புள்ளையில்லாதவனுக்கு மண்ணு எதுக்கு? காங்கிரீட்டு போதும்."

வாசல் பேச்சு அதோடு முடிந்தது. நாச்சிமுத்து அதைத் தன் வாழ்க்கையிலேயே நல்ல வியாபாரம் என்று நினைத்தார். சிவமலை வெளிப்படிக்கட்டில் ஏறிப் போனான். அவன் பெண்டாட்டி மயிலாத்தாள் பின்னாலேயே போனாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. மேலே தம்பி நடந்தால், சத்தம் பொறுக்காமல் அண்ணன் கீழேயிருந்து ஒட்டடைக் கம்பால் சீலிங்கை இடிப்பார். பதிலுக்குத் தம்பி மேலே ஓங்கி மிதிப்பான். அதுதான் அண்ணன் தம்பி பேச்சு. நடுவே, நாச்சிமுத்துவின் ஒரே மகள் இளவேணி மட்டும் கீழே குளித்து, மேலே தின்று, இரண்டு வீட்டுக்கும் ஒரு பிள்ளையாக வளர்ந்தாள்.

அவளுக்கு இப்போது மாப்பிள்ளை அமைந்திருந்தது. அரிசி மில்லுக்காரர் சென்னியப்பனின் மகன். பெரியவர்கள் பொருத்தம் பார்க்கிறதற்கு வெகு முன்னாலேயே அவர்கள் இரண்டு பேரும் போனில் பொருத்தம் பார்த்து முடித்திருந்தார்கள் என்பது வேறு கதை. மில்லுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாச்சிமுத்துவின் பெண்டாட்டி ரத்தினாள், வந்ததும் வராததுமாகப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அவங்க ஊட்டுச் செவுத்தப் பாத்தீங்களா? அலை அலையா, மேல சீலிங்குல பூப்பூவா. நம்முது மொட்டைப்பாறை மாதிரி நிக்குது. ஒறம்பரை சனம் வந்தா எங்க பாப்பாங்க?"

"தட்டுல போட்ட சோத்தைப் பாக்கச் சொல்லு."

ஆனாலும் திருப்பூரிலிருந்து டெக்ஸ்சர் ஆளை வரவழைத்தார். கையில் டேப்லட்டும் காலில் வெள்ளைச் செருப்புமாக வந்த பையன், பட்டாணிக்கல் மாதிரி ஒன்று, மரப்பட்டை மாதிரி ஒன்று, பாலைவன மணல் மாதிரி ஒன்று என்று படம் படமாகத் தள்ளிக் காட்டினான். "மணலு வேணும்னா வாய்க்கால்ல அள்ளிக்குவேன்" என்று முனகிக்கொண்டே நாச்சிமுத்து துண்டை விரித்து, "கையைக் குடு தம்பி" என்றார். அந்தப் பையன் துண்டுக்குள் கையை விட்டு, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, நன்றாகக் குலுக்கி, "தேங்க்யூ சார், டீல் ஓகே!" என்றான்.

ஐந்து விரலையும் பிடிப்பதென்றால் சந்தையில் அது கொள்ளைக்காரன் விலை. நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சிவந்தது. "இட்லி மாவைச் செவுத்துல அப்பறதுக்கு அஞ்சு வெரலாடா? எந்திரிச்சுப் போடா!" என்று கத்திய கத்தலில், கொட்டத்தில் கட்டியிருந்த காளைகள் எழுந்து நின்றன. "இதை நானே பூசறேன். இதென்ன கோயில் கோபுரமா?"

போனில் ஒரு வடநாட்டு அம்மா சிரித்துக்கொண்டே சுவரில் பூசுவதைப் பார்த்தார். முதலில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டு என்றாள், சுரண்டினார். பிறகு அடிப்பூச்சு ஒன்று பூசிக் காயவிடு என்றாள். "அடியில இருக்கறது எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது?" என்று அதை விட்டுவிட்டார். டெக்ஸ்சர் மாவைக் கெட்டியாகக் கலக்கு, சொரசொரப்புக்கு மாவுமணல் சேர் என்றாள். கடையில் அந்த மாவுமணலுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும், கொட்டத்தில் மாட்டுக்கு அடியில் பரப்ப மில்லிலிருந்து கொண்டுவந்து குவித்திருந்த உமியில் இரண்டு கூடை அள்ளிக் கொட்டினார். சீலிங்குக்கு முதலில் பூசியதால் உமியெல்லாம் அங்கேயே தீர்ந்தது. சுவர்களுக்கு வெறும் மாவுதான். முறுக்கிய துணியை உருட்டி உருட்டிச் சுவரில் எடுத்த டிசைன், அம்மை போட்ட முகம்போல வந்தது.

சீலிங்குக்குத்தான் பாடு. மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் நாச்சிமுத்து, கையில் கொத்தனார்க் கரணை. அப்பியதில் பாதி மேலே ஒட்டியது, பாதி மீசையில் ஒட்டியது. வரி வரியாக இழுக்க டெக்ஸ்சர் சீப்பு என்று ஒன்று வேண்டுமாம். அவர் காளையைத் தேய்க்கிற இரும்புச் சீப்பை எடுத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு உழவு ஓட்டுகிற மாதிரி இழுத்தார். மேலே தம்பியின் காலடி கேட்டது. வழக்கம்போல் இடிக்கலாம் என்று கம்பைத் தேடினார். ஈரம் காயவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ரத்தினாள் முன்னறையில் தலை சீவிக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, சீலிங்குல பச்சையா என்னமோ தெரியுதுங்க" என்றாள்.

"பாசம் புடிச்சிருக்கும்."

"பாசம் வரிசையாப் புடிக்குமா?"

நெல்தான். உமியோடு உமியாகக் கிடந்த மணிகள் இரும்புச் சீப்பு இழுத்த சாலில் வேர்விட்டு, வேர் மேலேயும் பயிர் கீழேயுமாக, காற்று இல்லாத அறையில் காற்றடிப்பதுபோல அசைந்துகொண்டிருந்தன. நாச்சிமுத்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "களை ஒன்னும் இல்லை" என்றார். அவ்வளவுதான். பிறகு காபி கேட்டார்.

பயிருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் யாரும் யோசிக்கவில்லை. மயிலாத்தாள் மேலே வீடு கழுவிவிட்ட நாளெல்லாம் பயிர் கரும்பச்சையாகக் கொழித்தது. கழுவாத நாள் வாடியது. அது தெரியவந்த அன்றைக்குத் தகராறும் முளைத்தது. இளவேணிதான் படியேறி இறங்கித் தூது போனாள்.

"வேரு எங்க தரையிலதான் நிக்குது, பயிரு எங்களுதுன்னு சித்தப்பா சொல்லச் சொன்னாரு."

"தொங்கறது என்ற மண்டைக்கு மேலன்னு போயிச் சொல்லு."

"அது தொங்கலையாம். அதுபாட்டுக்கு நிக்குதாம். நம்மதான் தலைகீழா இருக்கறமாம்."

"வக்கீலு வெச்சுப் பேசறானா அவன்?"

பஞ்சாயத்து கூடியது. பெரியவர்கள் வாழைப்பழம் தின்று, வெற்றிலை போட்டு, வேர் மேல்வீட்டுக்கு, கதிர் கீழ்வீட்டுக்கு என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு பேருமே சம்மதிக்காததால் தீர்ப்பு நியாயமானது என்று முடிவுகட்டி எழுந்துபோனார்கள். அடுத்து வி.ஏ.ஓ. வந்தார். நஞ்சையா புஞ்சையா என்று மல்லாக்கப் படுத்து யோசித்துவிட்டு, "படுத்துப் பாத்தா நஞ்சை, நின்னு பாத்தா வீடு" என்று எழுதிக்கொண்டு போனார். வேளாண்மை அதிகாரி வந்து நாற்று இடைவெளி பிரமாதம் என்றார், வறட்சி நிவாரணம் கேட்டு மனுக் கொடுத்திருந்த விவசாயிகளிடம், "உங்களுக்கெல்லாம் சீலிங் இல்லையா?" என்று கோபித்துக்கொண்டார். ஆளுங்கட்சிக்காரர்கள், 'எங்கள் ஆட்சியில் கூரையும் விளைகிறது' என்று பேனர் கட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், தரையிலிருந்த விவசாயத்தைச் சீலிங்குக்கு விரட்டியது யார் என்று கேட்டு, அந்தப் பேனருக்கு நேர்கீழே பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். மத்தியானம் நாச்சிமுத்து வீட்டில் சாப்பிட்டார்கள்.

குருவிகள் வர ஆரம்பித்தன. கதிருக்கு நேர்கீழே மல்லாந்து பறந்து தின்ன அவையும் பழகிக்கொண்டன. ரத்தினாள் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்றைக் காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதற்கு நாச்சிமுத்துவின் பழைய சட்டையைப் போட்டாள். கண் மங்கலான ஒறம்பரைகள் அதற்கு வணக்கம் சொல்லி, "தரகர் நெம்பக் களைச்சுப் போயிட்டாரு" என்று பேசிக்கொண்டு போனார்கள். திருப்பூர்ப் பையனோ, பிளாஸ்டிக் நெல்லை ஒட்டி, 'அக்ரி சீலிங்' என்று பெயர் வைத்து, பனியன் கம்பெனிக்காரர்கள் வீட்டிலெல்லாம் பூசி, கார் வாங்கிவிட்டான் என்று சேதி வந்தது. அதைக் கேட்ட அன்றைக்கு நாச்சிமுத்து சோறு தின்னவில்லை.

மில்லுக்காரர் சென்னியப்பன் வந்து பார்த்தார். வாயைப் பிளந்தவர் மூடவில்லை.

"தரகரே, நிச்சயத்தன்னைக்கு இந்த நெல்லுல ஒரு வள்ளம் அளந்து சபையில வெக்கோணும். எங்க சனத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டேன். வெக்கலீன்னா என்ற கௌரவம் என்னாவறது?"

"கௌரவத்துக்கு ஒரு வள்ளம் அதிகமுங்க. அரை வள்ளம்?"

"தாராபுரத்துப் பக்கம் ஒரு பொண்ணு இருக்குது. அவங்க சீலிங்குல ஒன்னும் இல்லீங்க. ஆனாத் தரையில தோப்பு இருக்குது."

நாச்சிமுத்து ஒரு வள்ளத்துக்கே தலையாட்டினார். கதவுக்குப் பின்னால் இளவேணி நின்றிருந்தாள். மில்லுக்காரர் போனதும் வந்து, "எனக்கு அவரைப் புடிச்சிருக்குதுப்பா. பேரம் பேசிக் கெடுத்துப்போடாதீங்க" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் கேட்டதில்லை.

கதிர் முற்றியது. முற்றின கதிர் தலை சாயும் என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் இந்தக் கதிர் கீழே சாயவில்லை. அத்தனை கதிரும் வளைந்து, திரும்பி, மேலே சீலிங்கைப் பார்க்கத் தலை குனிந்து நின்றன. "என்ற ஊட்ல விளைஞ்சு, அவன் காலுக்குக் கும்புடு போடுது பாரு, நன்னி கெட்ட பயிரு!" என்று நாச்சிமுத்து குதித்தார். அரிவாளை எடுத்து மேசைமேல் ஏறி அறுத்தார். அறுத்த கதிர் கையை விட்டதும் மேலே விழுந்தது. உருவின நெல்லும் மேலே விழுந்து, சீலிங்கில் களத்து நெல்போல் பரவிக் கிடந்தது. அள்ளிக் கூடையில் போட்டு மூடி வைத்தால், மூடியைத் திறந்ததும் விர்ரென்று மேலே போய்ச் சேர்ந்தது. கம்பால் இடித்தால் இன்னும் இறுக ஒட்டிக்கொண்டது.

ஒன்றே ஒன்று அவர் கண்ணில் பட்டிருந்தது. மேலே சிவமலை நடக்கும்போது, அவன் கால் பட்ட இடத்துக்கு நேர்கீழே மட்டும் இரண்டு மணி, மூன்று மணி தரையில் உதிரும். அந்த மணிகளைப் பார்த்தே தம்பி எங்கே போகிறான், எங்கே நிற்கிறான் என்று அவரால் சொல்ல முடிந்தது. பொழுதோட பொழுதோட, வெயில் தாழ்ந்ததும், அவை ஒரே தடத்தில் விழுந்தன: கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலடியில் வெகுநேரம், ஒரு சின்னக் குவியலாக.

தன்னைக் கேட்காமல் அண்ணன் அரிவாள் வைத்தது தம்பிக்குத் தெரிந்ததும் அந்த மணிகளும் நின்றுபோயின. சிவமலை ரோஷத்தில் கட்டிலை விட்டே இறங்குவதில்லை, சோறும் கட்டிலில்தான், எந்திரித்தாலும் பஞ்சுச் செருப்புப் போட்டுப் பூனைமாதிரித்தான் நடக்கிறான் என்று இளவேணி சொன்னாள். நிச்சயத்துக்கு ஒரு நாள்தான் பாக்கி. "மேல போயி ஒரு வார்த்தை பேசுனா உங்க வாயி தேஞ்சா போயிரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

மயிலாத்தாள் வாசற்படிக்கு வந்து பார்த்தாள். பிறகு, "வாங்க மாமா" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சிவமலை கட்டிலில் சம்மணம் போட்டு, சாமி மாதிரி உட்கார்ந்திருந்தான். நாச்சிமுத்து, மணி குவியலாக உதிர்ந்த இடத்துக்கு நேர்மேலே, ஜன்னலோரம் போய் நின்றார். கீழே அவருடைய வாசல் தெரிந்தது. வேப்பமரம், தொட்டி, கன்றுக்குட்டி, அது துள்ளி ஓட இடம். தினமும் மிதித்து நடக்கிற வாசல்தான். இங்கிருந்து பார்த்தபோது அது ரொம்பப் பெரிதாக இருந்தது.

வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். துண்டை விரித்து, கையை உள்ளே விட்டு நீட்டினார். சிவமலையும் சந்தையில் வளர்ந்தவன்தான். துண்டின் நுனியை இழுத்துச் சரிசெய்து, கையை உள்ளே விட்டான். விரல் அமுங்குமென்று காத்திருந்தான். அமுங்கவில்லை. மாட்டுக்குச் சுழி தேடுகிறவன்போல, அண்ணனின் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தான். ஒன்றுகூட மடங்கியிருக்கவில்லை. கை முழுசாக விரிந்து கிடந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து.

"அதை வுடுங்கண்ணா."

"வுடறதுக்கில்லை. துண்டுக்குள்ள சொல்லீருந்தாலே தப்பு. நான் சபையில சொன்னேன்." கையை எடுக்காமலேயே கேட்டார்: "வெலை சொல்றா."

சிவமலை ஜன்னலைப் பார்த்தான். "பொழுதோட வாசல்ல கட்டலைப் போட்டு உக்காருவேன். அவளும் வருவா. ஏன்னு யாரும் கேக்கப்படாது."

"கட்டலு ஒன்னா, ரெண்டா?"

"ரெண்டு."

"ரெண்டும் கயித்துக்கட்டலாப் போடு. இரும்புக்கட்டலு கிறீச்சுன்னா மாடு மெரளும்."

மயிலாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். சிவமலை பஞ்சுச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலைத் தரையில் ஊன்றினான்.

பிறகு மிதித்தான் பாருங்கள். இத்தனை வருஷம் ரோஷத்துக்கு மிதித்த கால், இப்போது களத்தில் போரடிக்கிற காலாக மூலை மூலையாக மிதித்தது, மயிலாத்தாள் மிதித்தாள், "சும்மா நிக்கறீங்களே!" என்று தம்பி அதட்டவே நாச்சிமுத்துவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். கீழே நெல் மழையாகக் கொட்டியது. இளவேணி பாயை விரிக்கிறதற்குள் பாய் நிறைந்தது. ரத்தினாள் மட்டும் கத்திக்கொண்டிருந்தாள்:

"ஏனுங்க, மெதுவா! நெல்லோட சீலிங்கும் வருதுங்க!"

வந்தது. அடிப்பூச்சு இல்லாத டெக்ஸ்சர் எப்படி நிற்கும்? அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்து, கடைசியில் மொட்டைக் காங்கிரீட்டும், அதன்கீழே தலைகீழாகத் தொங்கும் பொம்மையும்தான் மிச்சம்.

மறுநாள் சபையில் ஒரு வள்ளம் நெல் கூம்பாக நின்றது. தட்டு மாற்றும் நேரத்தில் நாச்சிமுத்து எழுந்து, பழைய பங்காளிகள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இவளைப் பெத்தது நானு, வளத்தது அவன். தட்டு அவன்தான் மாத்தோணும்" என்று தம்பியை முன்னால் தள்ளினார். சென்னியப்பன் நெல்லையும் பார்த்தார், அண்ணாந்து மொட்டைச் சீலிங்கையும் பார்த்தார். ரத்தினாளுக்கு உயிர் நின்றது.

"ரா ஃபினிஷா?" என்றார் மில்லுக்காரர், குரலைத் தாழ்த்தி. "பூசாம மொட்டையா வுடறதுதான் மெட்ராஸ்ல இப்ப ஓடுதாமா. யாரு பண்ணுனது? எங்க ஊட்டுலயும் எல்லாத்தையும் பேத்துப்போடலாம்னு இருக்கறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் அதே சீலிங்கை மறுபடி பூசினார்கள். சிவமலை மேசையைப் பிடித்துக்கொள்ள, நாச்சிமுத்து இந்தத் தடவை அடிப்பூச்சு பூசி, அது காய்கிறவரை பொறுத்திருந்து, கடைக்காரன் சொன்ன விலைக்கே மாவுமணல் வாங்கிக் கலந்தார். ஒன்றும் முளைக்கவில்லை. வி.ஏ.ஓ. மட்டும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்தப் போகம் ஒன்னும் இல்லீங்களா?" என்று கேட்பார்.

"அடிப்பூச்சு போட்டா வராதுங்க" என்பார் நாச்சிமுத்து, பொழுதோட வாசலில் நின்றுகொண்டு, இரண்டு கயிற்றுக்கட்டிலுக்கும் பக்கத்தில் தன் கட்டிலை எங்கே போடுவது என்று தம்பியிடம் இடத்துக்குப் பேரம் பேசிக்கொண்டே.